இரண்டாவது கிளாஸ்

ணங்!

அனுராதா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணாடியில் கண்ணாடி இடித்த சத்தம். கடலை மூட்டை போடுகிற உள்ளறையிலிருந்து வந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவை அவளே சாத்திவிட்டு வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

காலை பதினொரு மணி. ஆடிக் கிருத்திகை. கே.ஜி.கண்டிகையே காலியாகித் திருத்தணி மலைக்குப் போயிருந்தது. அம்மா சின்னம்மாளும் அண்ணன் பாலமுருகனும் விடியும் முன்பே பூக்காவடியோடு கிளம்பிவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது அண்ணன் சீண்டிவிட்டுத்தான் போனான்.

"குடிச்சுப் பாக்கறதுக்கு இவளுக்குச் சம்பளம் குடுக்கறாங்கமா! நைனாதான் அவசரப்பட்டுப் போய்ட்டாரு."

"குடிக்கறதில்லண்ணா. துப்பிடுவேன்."

உண்மைதான். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஒயினை ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. வாயில் வைப்பாள், காற்றை உறிஞ்சி நாக்கு முழுக்கப் புரட்டுவாள், துப்பிவிடுவாள். எட்டு வருடத்தில் ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கியதில்லை. இன்றைக்குப் பிரான்ஸிலிருந்து வந்த ஆறு பாட்டில்கள். ஒரே தோட்டம், ஒரே திராட்சை, ஆறு வேறு வேறு வருடங்கள். முதலாவது 1999. இரண்டாவது 2003, ஐரோப்பாவே வெயிலில் வெந்த வருடம். அப்படியே வரிசையாக 2018 வரை. எந்த வருடத்துச் சரக்கை வாங்கலாம் என்று மாலை நாலு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு அறிக்கையை வைத்துத்தான் தலைமைப் பதவி அவளுக்கா, இன்னொருவனுக்கா என்பது முடிவாகும். வருடத்துக்கு ஒரு பாட்டில்தான் கொடுத்திருந்தார்கள். போனால் போனதுதான்.

சென்னை வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில் மூக்கு செத்துவிடும். அதனால்தான் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் உள்ளறைதான். நிறம் பார்க்க வெள்ளையாக ஏதாவது வேண்டுமே என்று அண்ணனின் புது வேட்டியைத் தரையில் விரித்தாள். ஆறு கிளாஸில் ஊற்றி வரிசையாக வைத்தாள். நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய ஒரு தட்டில் ரொட்டி, ஒரு சொம்பு தண்ணீர். காற்றுப் பட்டு வாசம் திறக்க அரை மணி நேரம் ஆகும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

எலியாக இருக்கும்.

எழுந்துபோய்க் கதவைத் தள்ளி விளக்கைப் போட்டாள். ஐந்து கிளாஸ்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. முதல் கிளாஸ் மட்டும் வரிசையில் இல்லை. ஒரு முழம் தள்ளிச் சுவரோரமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் குடித்துவிட்டுக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்தது மாதிரி. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கழுவித் துடைத்ததுபோல் காய்ந்திருந்தது.

பின்னாலேயே நடந்து வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எப்பம்மா வருவே?"

"இன்னும் படியே ஏறலடி. கும்பல் தள்ளுது. இன்னாத்துக்குக் கேக்கறே?"

சொன்னாள். பம்பைச் சத்தத்துக்கும் அரோகராவுக்கும் மேலே அம்மா குரலை உயர்த்தினாள்.

"வெள்ளத் துணி விரிச்சியா?"

"ஆங்."

"தண்ணி?"

"வச்சேன்."

"வச்சிட்டுக் கதவச் சாத்திகினு வந்துட்டியா?"

"ஆமாம்மா. இப்ப அதுக்கு இன்னா?"

"இன்னாவா? அதுக்குப் பேரு இன்னாடி, படையல் இல்லாம? பேரு சொல்லாம படைச்சா யாரு வோணாலும் வந்து குந்துவாங்க. அதுவும் அந்த ரூமுல!" அம்மாவின் குரல் இறங்கியது. "உங்க நைனாவுக்குப் பதினாறாம் நாளுகூட நான் சாராயம் வெக்கல. குடிச்சே கெட்ட மனுஷன், அவருக்கு வெக்கவே கூடாதுன்னு இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். உள்ள போவாத அனு. அவங்க சாப்பிடறப்ப பாக்கக்கூடாது. நாங்க வந்து…"

லைன் அறுந்தது.

ணங்.

இரண்டாவது கிளாஸ்.

வாசல் பத்தடி தூரம்தான். ஓடிவிடலாம். ஆனால் பாட்டில்கள் உள்ளே இருந்தன. நாலு மணி. அறிக்கை. அந்த நினைப்புதான் காலைப் பிடித்து நிறுத்தியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கதவில் காதை வைத்தாள். முதலில் ஒரு நீண்ட மூச்சு, கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுக்கிற மூச்சு. பிறகு சர்ரென்று காற்றோடு சேர்த்து உறிஞ்சும் சத்தம், அவள் உறிஞ்சுவது போலவே. அடுத்தது துப்பும் சத்தம் வர வேண்டும்.

வரவில்லை. மடக்கென்று தொண்டையில் இறங்கியது.

கதவிடுக்கு வழியாக வாசம் கசிந்து வந்தது. பழக்கதோஷத்தில் அவள் மூக்கு அதைப் பிரித்துப் பார்த்தது. முதலில் பீடி. அடுத்தது கடலைத்தோல் தூசி, வேர்வை. அடியில் மூத்திரம். அதற்கும் அடியில், வெக்கையில் இரண்டு நாள் கிடந்த ஏதோ ஒன்று. வாசத்தை வைத்து வருடம் சொல்வது அவள் தொழில். அவள் மூக்கு பொய் சொல்லாது.

2003. அக்கினி நட்சத்திரம்.

அம்மாவும் அண்ணனும் அம்மையார்குப்பம் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், நைனா துளசிங்கம் அந்த அறைக்குள் தூக்கத்திலேயே போய்விட்டார். ஊருக்கு அப்படித்தான் தெரியும். வீட்டிலிருந்த பன்னிரண்டு வயதுப் பெண் அப்படித்தான் சொன்னாள். நைனா அவளை அனு என்று கூப்பிட்டதே இல்லை. அம்மு. அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார்.

ணங். மூன்று.

ணங். நாலு.

மூச்சு. உறிஞ்சல். மடக்.

ரோட்டில் காவடி மணிகள் போய்த் தேய்ந்தன. பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

ஐந்து.

ஆறு.

முடிந்தது. போய்விடும். எல்லாம் தீர்ந்தால் போய்விடும். அவள் எண்ணினாள். பத்து. இருபது. முப்பது.

களக், களக், களக்.

பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

கதவு லேசாக அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை அதைத் தடவுகிறது. கீழிருந்து மேலே. மெதுவாக. எதையோ தேடுகிற மாதிரி.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உச்சியில். அனுராதாவின் கை தானாக மேலே போனது. இப்போது ஸ்டூல் தேவைப்படவில்லை. இரும்பு விரலில் பட்டது. சுட்டது. இழுத்தாள். பாதி நகர்ந்தது.

உள்ளே தடவிக்கொண்டிருந்த கை நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம், சரியாக அவள் காதின் உயரத்தில், ஒரு நாக்கு சப்புக் கொட்டியது.

"ஆறும் பாத்துட்டேன் அம்மு. நீ என்னை உள்ள வெச்சுத் தாழ்ப்பா போட்டியே, அந்த வருஷத்துச் சரக்குதான் நல்லாகீது."