வெயில் வந்தால் கிளம்பும் பஸ்

பூம்பாறைக்கு அந்தப் புதுப் பஸ் வந்த அன்று ஊரே திரண்டு வரவேற்றது. மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி பாதி மாலையைத் தின்றுவிட்டது.

இத்தனை மரியாதைக்கும் காரணம் இருந்தது. அது கரும்புகை கக்காத பஸ். புங்கங்கொட்டையில் எடுத்த எண்ணெயைப் பக்குவம் செய்து, டீசலோடு கலந்து அதற்கு ஊற்றினார்கள். மலைப்பாதையில் இது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, டிப்போவிலிருந்து இந்த ஒரு பஸ்ஸை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

பழைய பஸ் இரவில் தைல மரங்களுக்கு அடியில் ஒதுங்கி நிற்கும். புதுப் பஸ்ஸை அப்படி மூலையில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

"நடுத்திடல்ல நிறுத்துங்க. எதிர்மலையில இருந்து பாத்தாலும் நம்ம பஸ் தெரியணும்" என்றார்கள். டிரைவர் தங்கமுத்துவும் சிரித்துக்கொண்டே அங்கேயே நிறுத்தினார்.

தேவசேனாவுக்குப் பஸ்ஸை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் கொடைக்கானலில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பழைய பஸ்ஸில் புகை உள்ளே வரும். ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குக் குமட்டும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முகம் வெளுத்துப்போயிருக்கும். புதுப் பஸ்ஸில் வடை சுடுகிற மாதிரி ஒரு வாசனைதான் வந்தது. அதில் அவளுக்குப் பசிதான் எடுத்தது.

மார்கழி பிறந்தது. கூடவே தொல்லையும் பிறந்தது.

காலையில் பஸ் கிளம்ப மறுத்தது. தங்கமுத்து சாவியைத் திருகினால், "கர்ர்... கர்ர்..." என்று இருமிவிட்டு அடங்கிவிடும். பூண்டு மூட்டைகளோடு பெரியவர்களும், பைகளோடு பிள்ளைகளும் நின்றபடியே நிற்பார்கள். கடைசியில் தங்கமுத்து டீக்கடைக்கு ஓடி, டிப்போவுக்குப் போன் செய்வார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு இன்ஜினியர் ராஜமுருகன் ஜீப்பில் வந்து இறங்குவார். சாவியைத் திருகுவார். பஸ் உடனே கிளம்பிவிடும்! என்னவோ அவருக்காகவே காத்திருந்த மாதிரி உறுமும்.

இது ஒரு நாள் நடந்தால் பரவாயில்லை. அடிக்கடி நடந்தது.

"தங்கமுத்து, நான் வந்தா மட்டும் எப்படிக் கிளம்புது?" என்று ஒரு நாள் இன்ஜினியர் கேட்டே விட்டார். "குளிருக்குப் பயந்து தூங்கிட்டு, வண்டி மேல பழி போடுறீங்களா?"

"முருகன் மேல சத்தியமா இல்லீங்க சார். வெள்ளனே எந்திரிச்சு எம்புட்டுப் பாடுபட்டேன் தெரியுங்களா?"

"இன்னொரு தடவை இப்படிக் கூப்பிட்டீங்கன்னா நான் மேல எழுதிடுவேன். உங்களுக்கு மெமோ வரும். இந்த வண்டியும் மலையை விட்டுக் கீழ போயிடும்."

தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டே பஸ் ஓட்டுகிறவர் அவர். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து தேவசேனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இன்ஜினியர் கண்ணுக்கு முன்னால் பஸ் ஓடுகிறதே! அவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பஸ்ஸுக்கு என்னதான் ஆகிறது?

அன்று காலை அம்மாவோடு நடந்த பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. அம்மா பாண்டியம்மாள் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தேங்காய் எண்ணெய் கட்டியா கெடக்கு. நல்லெண்ணெய் மட்டும் ஏன் உறையல?"

"ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கொணம்."

"அப்ப புங்க எண்ணெய்க்கு என்னா கொணம்?"

"அதைப் பஸ்ஸுகிட்டத்தான் கேக்கணும். வெரசா தலையக் காட்டு!"

பஸ்ஸிடம் கேட்டால் பதில் சொல்லுமா? சொல்ல வைக்க வேண்டியதுதான்.

தேவசேனா இன்ஜினியரிடம் போனாள். "சார், பஸ்ஸுக்கு ஊத்துற எண்ணெயில கொஞ்சம் தருவீங்களா?"

"உனக்கு எதுக்கு?"

"அது ராத்திரி என்னா செய்யுதுன்னு பாக்கணும் சார்."

இன்ஜினியருக்குக் கோபம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய் தூங்கும், வேற என்ன செய்யும்?" என்றார். ஆனாலும் ஒரு காலி மருந்துப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, இறுக்கி மூடிக் கொடுத்தார். "அடுப்புப் பக்கம் கொண்டு போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சாயங்காலம் அவள் பாட்டிலைத் திடலில், பஸ்ஸின் சக்கரத்துக்கு அருகில் வைத்தாள்.

மறுநாள் பொழுது விடியும்போது திடல் முழுவதும் உறைபனி. உப்பைக் கொட்டிப் பரப்பியது போலப் புல் வெளுத்துக் கிடந்தது. பஸ் வழக்கம்போல "கர்ர்..." என்றது. தேவசேனா பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளையாக, நெய் மாதிரி உறைந்திருந்தது!

"மாமா! இங்க பாருங்க!" என்று கத்தியபடி தங்கமுத்துவிடம் ஓடினாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"எண்ணெய் நல்லாத்தானே இருக்கு தாயி?"

ஆமாம்! அவள் கை பட்ட பக்கம் எண்ணெய் உருகித் தெளிந்துகொண்டிருந்தது. தேவசேனா திகைத்துப் போனாள். அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார் வர்றதுக்குள்ள வெயிலு இதை உருக்கிப்புடுது மாமா! அதான் அவரு வந்தா பஸ் கெளம்புது. இப்ப அவருக்குப் போன் பண்ணுங்க!"

"கூப்பிட்டா என் சோலி முடிஞ்சுது."

"நான் காட்டுறேன் மாமா. கூப்பிடுங்க."

தங்கமுத்து அவளையும் பார்த்தார், பாட்டிலையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டுப் போன் செய்யப் போனார்.

தேவசேனா பாட்டிலைப் பனிப்புல்லில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு பானையைத் தூக்கி வந்தாள். "எல்லாரும் பனியச் சுரண்டிப் போடுங்க!" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? கை விறைக்க விறைக்க, கத்திக்கொண்டே பனியை அள்ளிப் போட்டார்கள். பாதிப் பனி பானைக்குள் விழுந்தது, மீதியை ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டுவிட்டார்கள். பாட்டிலைப் பனிக்கு நடுவில் புதைத்து, பானையைப் பூண்டுச் சாக்குகளால் சுற்றி, நிழலில் வைத்தாள்.

வெயில் ஏறியது. ஜீப் வந்தது. இன்ஜினியர் நேராகப் போய்ச் சாவியைத் திருகினார். பஸ் கிளம்பியது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதுக்கு மேல என்ன சொல்றது, தங்கமுத்து?"

"சார், ஒரு நிமிஷம்" என்று தேவசேனா குறுக்கே வந்தாள். சாக்கைப் பிரித்து, பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என்ன இது, நெய்யா?"

"நீங்க கொடுத்த எண்ணெய்தான் சார். கையில பிடிச்சுக்கிட்டே இருங்க."

அவர் பிடித்துக்கொண்டார். எண்ணெய் கண்முன்னே உருகியது. அவர் பாட்டிலைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், சூரியனையும் பார்த்தார்.

"அடடா! குழாயில எண்ணெய் உறைஞ்சு அடைச்சுக்குது. எங்க ஊரு மலைக்குக் கீழ வத்தலக்குண்டு. அங்க தேங்காய் எண்ணெய்கூட இப்படி உறைஞ்சு நான் பார்த்ததில்லையே! குளிர் காலத்துல புங்க எண்ணெயைக் குறைச்சுக் கலக்கணும். அது சரி, பழைய பஸ் எங்க நிக்கும்?"

"தைல மரத்துக்குக் கீழ சார். அங்க பனி விழாது. அங்க புல்லு பச்சையாவே இருக்கு, பாருங்க."

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருமைக்காக நடுத்திடலில் நிறுத்தச் சொன்னவர்கள் அவர்கள்தானே?

அன்றே டிப்போவிலிருந்து புதுக் கலவை வந்தது. சாயங்காலம் பஸ்ஸை மரங்களுக்கு அடியில் நிறுத்தினார்கள். இந்த முறை பஸ் கிளம்புவதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இன்ஜினியரும் ஊரிலேயே தங்கினார்.

விடிந்தது. திடல் வெளுத்துக் கிடந்தது. கடன் வாங்கிய கம்பளிக்குள் பல் கிடுகிடுக்க இன்ஜினியர் நின்றார். தங்கமுத்து கண்ணை மூடி ஊர்க் கோயில் முருகனான வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினார்.

ஒரே திருகு. பஸ் உறுமிக் கிளம்பியது! பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. தேவசேனா குதித்த குதியில் அவள் பை தோளிலிருந்து கழன்று விழுந்தது.

இன்ஜினியர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தார். "தங்கமுத்து, உங்களை நான் ரொம்பத் தப்பா..."

"அதெல்லாம் போற வழியில பேசிக்கிடலாம் சார். வெரசா ஏறுங்க, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு!" என்றார் தங்கமுத்து. பிறகு, மலையில் தூங்குகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்திருக்கும்படி நீளமாக ஹார்ன் அடித்தார்.