பதில் தட்டல்

உள்ளங்கையை வைத்துக் கம்பிகளை அடக்கிய பிறகும் சத்தம் முழுதாக நிற்கவில்லை. கிதாரின் உறுமல் அறுந்துவிட்டது. அதற்கு அடியில் வேறொன்று, எங்கோ தூரத்தில் இரும்புத் தகட்டை யாரோ இடிப்பதுபோல, மூன்று முறை இடித்துவிட்டு ஓய்ந்தது.

"கேட்டுச்சா?" என்றான் ரஞ்சன்.

டிரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த அனிதா நிமிரவில்லை. "என்னது?"

"அடியில. டும் டும் டும்னு."

"கீழ பரோட்டாக் கடைடா. மாவ அடிக்கிறாங்க. நீ நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருக்க, தூங்கவே இல்ல. உன் மண்டைக்குள்ளதான் அடிக்குது லா." பையைத் தோளில் மாட்டினாள். "நான் பாசிர் ரிஸ் போய்ச் சேரணும். நீயும் வீட்டுக்குப் போ."

அவள் போனதும் கனமான கதவு தானாக மூடிக்கொண்டது. வெளியே ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை முழுக்க ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பார்கள். கடைவீட்டு மாடியில் ஜன்னல்களைப் பலகையால் அடைத்துப் பஞ்சு ஒட்டிய இந்த ஒத்திகை அறைக்குள் அதில் ஒரு துளியும் வராது. பழைய வியர்வை நாற்றமும், சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி வாடையும், முன்துணி கிழிந்துபோன அதன் பெரிய ஸ்பீக்கர் விடும் மெல்லிய இரைச்சலும்தான்.

காலடியில் கிடந்த பெடல் அவனுடையது அல்ல, குழுவில் பேஸ் வாசிக்கும் அழகேசனுடையது. பேஸ் கிதாரின் சத்தத்தை உறுமலாக்கும் ஓவர்டிரைவ். கிதாரை இவ்வளவு கீழே இறக்கிச் சுதி வைத்தால் சாதாரண பெடல் அடிச்சத்தத்தைத் தின்றுவிடும். இதில் பிளெண்ட் என்று ஒரு குமிழ் உண்டு. சிதையாத அடிச்சத்தத்தையும் கூடவே கலந்துவிடும். பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் ரஞ்சன் இதை எடுத்துச் செருகியிருந்தான்.

அழகேசன் கப்பல் பட்டறையில், கப்பலுக்குள் இருக்கும் எண்ணெய் டாங்கிகளைக் கழுவுகிறவன். போன ஞாயிறு வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று பட்டறையில் எழுதிக்கொண்டு வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் வாங்கிய பெடலை இங்கே விட்டுவிட்டு எவன் ஓடுவான்?

மறுபடியும் மூன்று.

அந்த மூன்று ரஞ்சனுக்குத் தெரியும். டாங்கிக்குள் விளக்குப் போனாலோ மூச்சு முட்டினாலோ ஸ்பானரால் தகட்டில் மூன்று தட்டு. மேலே துவாரத்தில் காவல் நிற்கிறவன் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். "ரெண்டு கேட்டா வழி தொறந்திருக்கு, ஏறி வரலாம்னு அர்த்தம்டா" என்று அழகேசன் சொல்லியிருந்தான். பாட்டு தொடங்குமுன் பேஸின் மரத்திலும் மூன்று தட்டுவான். ரஞ்சன் இரண்டு தட்டாமல் ஒரு சுரம்கூட வாசிக்க மாட்டான்.

ரஞ்சன் முறுக்காணியைத் தளர்த்தினான். சுதி இறங்கியது. இடிக்கும் சத்தம் தெளிந்தது. இன்னும் இறக்கினான். இப்போது இடிக்குப் பிறகு தகடு அதிர்வதும், எதிலோ தண்ணீர் அலம்புவதும் கேட்டன.

பட்டறையில் சேஃப்டி பார்க்கும் முகமது யூசுப்பை ஃபோனில் பிடித்தான்.

"பாய், அழகேசன் ஓடல. டாங்கிக்குள்ளதான் இருக்கான். தட்டுறான்."

"தம்பி, அவன் கழுவின நாலாம் நம்பர் டாங்கிய லைட் அடிச்சுப் பாத்துட்டுத்தான் மூடினோம். கப்பல் இன்னிக்குக் கெளம்புது. யார் சொன்னா?"

"எனக்குக் கேக்குது பாய்."

"எங்கருந்து?"

"தேக்கால இருந்து, சிராங்கூன் ரோடு."

"குடிச்சிருக்கியா?"

"தொறந்து பாருங்க. ஒண்ணும் இல்லன்னா என் மூஞ்சில துப்புங்க. கப்பல் போச்சுன்னா அவனும் அதோட போயிடுவான் பாய். ஒரே ஒரு தடவ."

"தொறந்து பாத்துட்டு நான் கூப்புடுறேன், வை."

ரஞ்சன் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டான். மூன்று. நெடுநேரம் கழித்து மூன்று. பிறகு இரண்டுதான் வந்தது. பிறகு ஒன்று, விரலால் தொட்டதுபோல.

"டேய். டேய், நிறுத்தாத."

முறுக்காணியைச் சுற்றினான். தடித்த கம்பி தொய்ந்து, சுரமே இல்லாமல் துணிக்கொடிபோல ஆடியது. ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். தான் இங்கே கேட்டுக்கொண்டிருப்பது அழகேசனுக்கு எப்படித் தெரியும்? யாராவது மேலே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பான்.

கிதாரின் மரத்தில் ரஞ்சன் இரண்டு முறை தட்டினான்.

இரைச்சல் நின்றது.

பிறகு ஒரு சத்தம். இடி அல்ல. இரும்பில் ஈரமான ஏதோ ஒன்று அழுத்தி ஊன்றும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, சற்று மேலே. ஏணி. ஏணியில் கால்.

ரஞ்சனுக்குக் கண் நிறைந்தது. "ஏறுடா. அப்படித்தான். வா, வா."

ஃபோன் அடித்தது.

"கெடச்சுட்டான் தம்பி." யூசுப்பின் குரல் உடைந்திருந்தது.

"தெரியும் பாய். ஏறிட்டானா?"

"என்ன ஏறுறது? ஏணிக்கு அடியில கெடக்கான். மௌத்தாகி ஒரு வாரம் இருக்கும். கையில ஸ்பானரு. அதப் பிரிச்சு எடுக்க முடியல." அழுதார். "தட்டியிருக்கான் தம்பி. மேல யாரும் பதில் தட்டல."

இரும்பில் ஒரு கால்.

"பாய், இப்ப அவன்..."

"இங்கதான் கெடக்கான். என் முன்னாடி."

இன்னொரு கால். அருகில்.

ஃபோன் நழுவியது. ரஞ்சன் ஒயரைப் பிடுங்கினான். பெடல் அணைந்தது. சுவரிலிருந்து ஆம்ப்பின் பிளக்கை இழுத்து எறிந்தான். சிவப்பு விளக்கு மங்கி அவிந்தது.

ஒரு கால்.

டீசலும் துருவும் கலந்த நாற்றம். கதவு. தள்ளினான். திறக்கவில்லை. தோளால் இடித்தான். இழுக்க வேண்டிய கதவு அது. தெரியும். கை தள்ளிக்கொண்டேதான் இருந்தது.

"அது பதில் இல்லடா. நான் தட்டல. நான் தட்டவே இல்ல."

ஏணி முடிந்தது.

திரும்பிப் பார்த்தான். கிழிந்த முன்துணிக்குள் ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதக் கூம்பு மெல்ல வெளிப்பக்கமாக உப்பியது. உப்பியபடி நின்றது. அதில் நான்கு விரல்நுனிகள் வரிசையாகப் புடைத்தன. அவற்றைச் சுற்றி ஈரம் படர, சற்றுத் தள்ளிக் கட்டைவிரலும் எழும்பி, பற்றிக்கொள்ள விளிம்பைத் தேடி நகர்ந்தது.