நிமிஷம் சாரின் முதல் தாமதம்

காலை 9.10. வழக்குக் கட்டைப் பிரித்த நூலக்காவின் கை அப்படியே நின்றது. நான்காம் சான்றுக்குப் பின்னால் ஆறாம் சான்று இருந்தது. ஐந்தைக் காணோம்.

மேல் நீதிமன்றப் பதிவறையில் இருபது வருடமாக வழக்குக் கட்டுகளை நூல் போட்டுக் கட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். காணாமல் போனது ஒற்றைத் தாள், ஒரு தொழிற்சாலையின் வாயில் பதிவேட்டிலிருந்து எடுத்தது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கேட்டில் ஆளே இல்லை என்று சொல்லி, அங்கே காவலுக்கு இருந்த பெண்ணை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. 2.20க்கு லாரி வந்ததை அவள் தன் கையால் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்தும் வாங்கிய தாள் அது. அதைப் பார்த்துத்தான் தொழிலாளர் தீர்ப்பாயம் பணிநீக்கம் செல்லாது என்றது.

நிர்வாகம் விடவில்லை, மேலே வந்துவிட்டது. இங்கே புதிதாகச் சாட்சி கேட்க மாட்டார்கள். கட்டில் உள்ளது தீர்ப்பைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். தாள் போனால் தீர்ப்பு போகும். தீர்ப்பு போனால் அந்தக் காவலாளிப் பெண்ணின் வேலையும் போகும். விசாரணை 10.30க்கு.

9.25. பதிவாளர் கொதித்தார். நியாயமற்ற பணிநீக்கம் பற்றி நான்கு கருத்தரங்குகளில் கண்கலங்கப் பேசியவர் அவர். நூலக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவைத் தட்டச்சுக்கு அனுப்பினார்.

அவள் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினாள். நேற்று கட்டைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். காலை 11.00, காவலாளிப் பெண்ணின் வக்கீல்: ஒன்பது சான்றும் சரி என்று எழுதியிருந்தார், நூலக்காவும் கூடவே எண்ணினாள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அறை பூட்டு. 2.00, நிறுவனத்தின் பணியாளர் மேலாளர். 4.00, நிறுவனத் தரப்பின் இளம் பெண் வக்கீல். இந்த இருவர் இருந்தபோதும் பதிவாளர் மணியடித்து நூலக்காவை அழைத்தார். முதல்முறை மின்விசிறியைப் போட, அடுத்தமுறை அணைக்க.

9.40, தாழ்வாரம். முதலில் இளம் வக்கீல்.

"நீங்க பார்த்தப்போ அஞ்சாவது இருந்துச்சா மேடம்?"

"இல்லக்கா."

"ஏன் சொல்லலை?"

"இல்லைன்னுதான் எங்க பிரமாணப் பத்திரமே சொல்லுது. நேத்து ஒரு மணிக்கு கவுண்டர் மூடுறதுக்குள்ள தாக்கல் பண்ணியாச்சு. எப்பவுமே அது இல்ல போலன்னு நெனச்சேன்."

கடைசியாகக் கட்டைத் தொட்டவள் இந்த இளம் வக்கீல்தான். நீதிமன்றக் காவலர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து மேலாளர். ஒரு நிமிடம் பிந்தினாலும் விளக்கம் கேட்டு எழுதுவதால் ஆலையில் அவருக்கு 'நிமிஷம் சார்' என்று பெயர். கைப்பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மணிக்குத்தான் வந்தீங்களா சார்?"

"பதினொன்றரைக்கு வரவேண்டியவன். வழியில டயர் வெடிச்சிருச்சு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தாமதம்."

"தாள் இருந்துச்சா?"

"இல்லம்மா. சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கேன். படிச்சுப் பாருங்க."

அறுபத்தோரு பக்கம். அதைத் தயாரித்த மூத்த வக்கீல்கூடப் படித்திருக்க மாட்டார். நூலக்கா படித்தாள். ஐம்பத்தெட்டாம் பக்கம்: 'கட்டை நானே நேரில் பார்வையிட்டேன். ஐந்தாம் சான்று அதில் இல்லை.' முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். நீதிமன்ற முத்திரையைப் பார்த்தாள். மூடிவைத்தாள்.

10.30. நீதிபதி தாளைக் கேட்டார். பதிவாளர் உத்தரவோடு எழுந்தார். பின்வரிசையில் காவலாளிப் பெண் இரு கைகளாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

பேச அனுமதி கேட்டு நூலக்கா முன்னே வந்தாள்.

"தாளை எடுத்தது மேலாளர் சார்தாங்க ஐயா. அவர் என் அறைக்குள்ள கால் வச்சதே ரெண்டு மணிக்கு. 'நேர்ல பார்த்தேன், தாள் இல்லை'ன்னு அவர் சத்தியம் பண்ணின பத்திரத்துல முத்திரை நேத்து பன்னெண்டு நாப்பது."

நீதிபதி பத்திரத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார்.

மீதியை அவள் நிதானமாகச் சொன்னாள். பதினொன்றரைக்குத் தாளை எடுப்பது, ஒரு மணிக்குள் பத்திரம் தாக்கலாவது என்பது திட்டம். பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்தும் ஆகிவிட்டது. டயர் வெடித்தது. அதை மூத்த வக்கீலின் குமாஸ்தாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் முன்பே சொல்லிவைத்த நேரத்துக்குத் தாக்கல் செய்துவிட்டார்.

"சத்தியம் முந்திருச்சு ஐயா, திருட்டு பிந்திருச்சு."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். நிமிஷம் சாருக்கு மடியிலேயே பயம் தெரிந்தது. காவலர் கைப்பெட்டியைத் திறந்தார். ஐந்தாம் சான்று உள்ளே இருந்தது: ஓரத்தில் இரண்டு துளை போட்டு, வரிசை எண் எழுதி, கோப்பில் கோத்து.

நீதிபதிக்கே பொறுக்கவில்லை. "இதை ஏன் கிழிச்சுப் போடாம வச்சிருந்தீங்க?"

"மூணு பேர் கையெழுத்து இல்லாம எங்க ஆபீஸ்ல எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாதுங்க." குரல் இறங்கியது. "விதி நான் போட்டதுதான்."

10.50. நிர்வாகத்தின் மனு தள்ளுபடி. காவலாளிப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. பதிவாளர் தன் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

வாக்குமூலத் தாளைக் காவலர் நீட்டினார். மேலாளர் பழக்கதோஷத்தில் கையெழுத்துக்கு முன்பே நேரத்தை எழுதப் போனார்.

"கடிகாரத்தைப் பார்த்துட்டு எழுதுங்க சார்" என்றாள் காவலாளிப் பெண்.