படுத்துக்கொண்டு பார்த்த கேமரா

வீட்டில் எல்லாரும் ‘வாலு’ என்று கூப்பிடும் அந்தப் பெண், எப்போது பார்த்தாலும் குனிந்த தலையோடுதான் இருப்பாள். வெட்கமெல்லாம் இல்லை. கழுத்தில் தொங்கும் கேமராதான் காரணம்.

அவளுடைய சித்தியின் போட்டோ ஸ்டூடியோ அலமாரியில் சும்மா கிடந்த பழைய பெட்டி அது. முன்பக்கம் இரண்டு லென்ஸ், ஒன்றுக்குக் கீழே ஒன்று. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேல் மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் கண்ணாடியைக் குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும்.

“போன்லயே எடுக்கலாமே. இதைப் போய் சுமக்குறியே,” என்பார் சித்தி.

“இதுல பார்த்தாதான் எனக்கு எடுக்கணும்னே தோணுது சித்தி.”

அன்று வாலுவின் பள்ளியில், மழலையர் வகுப்புக்குக் குழுப் படம் எடுக்கச் சித்தி வந்திருந்தார். இடைவேளை மணி அடித்ததும் வாலு பெட்டியும் கையுமாக ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள்.

குழந்தைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சித்தி தன் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தினார். அதன் லென்ஸ் ஒரு முழம் நீளம். அவ்வளவுதான், வகுப்பிலேயே சின்னவனான பட்டாணி டீச்சருக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

“போன வருஷமும் இதே கூத்துதான்,” என்றார் டீச்சர். “படத்துல இவன் ஷூ மட்டும்தான் விழுந்துச்சு. இவங்க அம்மா பார்த்துட்டு, படத்தை வாங்காமலேயே போயிட்டாங்க.”

சித்தி கொஞ்சினார், கெஞ்சினார், மிட்டாய் நீட்டினார். பட்டாணி மிட்டாயை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஒளிந்தான்.

“மத்தவங்களை வச்சு எடுத்துடலாம் டீச்சர். வேற வழியில்லை,” என்றார் சித்தி.

வாலுவுக்கு மனசு கேட்கவில்லை. இந்த வருஷமும் வெறும் ஷூதானா? அவள் டீச்சருக்குப் பின்னால் போய் மண்டியிட்டாள்.

“ஏன்டா பயப்படுற?”

“அதுக்கு ஒத்தைக் கண்ணு. பெருசு,” என்றான் பட்டாணி.

வாலு தன் பெட்டியைக் காட்டினாள். “இதுக்கு எத்தனை?”

“ரெண்டு.” கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். “ஏன் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கு? படுத்துக்கிட்டுப் பார்க்குதா?”

வாலுவுக்குச் சிரிப்பு முட்டியது. “ஆமா, சரியான சோம்பேறி.”

மூடியைத் திறந்து அவனையும் பார்க்க விட்டாள். குட்டிக் கண்ணாடிக்குள் அவனுடைய வகுப்பே உட்கார்ந்திருந்தது.

“நானும் இதுக்குள்ள போகணும்,” என்று பெஞ்சுக்கு ஓடினான் பட்டாணி.

“சித்தி, நான் எடுக்கட்டுமா?”

சித்தி முக்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

வாலுவின் வயிற்று உயரமும் அந்தக் குழந்தைகளின் முக உயரமும் ஒன்றாகவே இருந்தன. படுத்திருக்கும் கேமராவைச் சரியாகப் பார்க்கப் பட்டாணி தலையைச் சாய்த்தான். அதைப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணும் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை மொத்தமும் சாய்ந்தது.

“நேரா உட்காரச் சொல்லு,” என்று சித்தி முணுமுணுத்தார்.

வாலு சொல்லவில்லை. பட்டனை அழுத்தினாள்.

பிலிமைக் கழுவிப் படத்தைப் பார்த்த சித்தி, வெகுநேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை. “இத்தனை வருஷத்துல என் கேமராவுல இப்படி ஒரு படம் விழுந்ததே இல்லடி,” என்றார். பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலிலேயே மாட்டினார்.

பட்டாணியின் அம்மா வந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “யாருங்க எடுத்தது?”

“எங்க அக்கா பொண்ணு,” என்றார் சித்தி, தெருவுக்கே கேட்கும்படி.

இப்போது அந்த வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துத்தான் படத்தைப் பார்க்கிறார்கள். எப்போதும் குனிந்தே திரியும் வாலு மட்டும் அங்கே நன்றாக நிமிர்ந்து நிற்கிறாள்.