போலோனியாவிலிருந்து தினம் ஓர் ஊர்

டிசம்பர் பிறந்துவிட்டால், வளைகுடாவில், ரோலா கடைத்தெருவின் பின்சந்தில் இருக்கும் மீரா சாகிபின் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அச்சடித்த காலண்டர்கள் அடுக்கடுக்காக வாசல்வரை வந்து நிற்கும். 2005-ஆம் ஆண்டிலும் அப்படித்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் சேதுமாதவன் வந்துவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு சுலைமானிக்குச் சொல்லிவிடுவார். சேதுமாதவனுக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. இழப்பீடு கேட்டு வரும் மனுக்களில் எது நிஜம், எது ஜோடனை என்று விசாரித்து எழுதுவார். அந்த விசாரணைகளில் தானும் மூக்கை நுழைப்பதில் மீரா சாகிபுக்குத் தீராத ஆசை.

அன்று பதினாறாம் தேதி. டீ ஆறுவதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மீரா சாகிபின் மகள் சித்தி மரியத்துக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நீலா டீச்சர். கையில் ஒரு ஃபைல், கண்கள் சிவந்திருந்தன.

"வாங்க தங்கச்சி. நான் சொன்னேன்ல, இவர்தான் சேது சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மீரா சாகிப்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கணவர் முகிலன் கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். மூன்று வார டிரெயினிங் என்று நவம்பர் முப்பதாம் தேதி இத்தாலிக்குக் கிளம்பினார். போலோனியா நகரத்தில் தங்கல். நேரம் கிடைக்கும்போது பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் போய்விட்டு அன்றே திரும்புவதாகச் சொன்னார். தினமும் சாயங்காலம் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். அன்று பார்த்த ஊரைப் பற்றி ஒரு மெயிலும் வரும். செவ்வாய்க்கிழமையிலிருந்து போனும் இல்லை, மெயிலும் இல்லை.

"நேத்து ஆபீசுக்குப் போன் பண்ணினேன் சார். இத்தாலிக்கு வேற ஒருத்தர் போயிருக்காராம். இவர் மூணு வாரம் லீவ் எழுதிக் கொடுத்திருக்காராம்." அவள் ஃபைலைத் திறந்து, அச்செடுத்த மெயில்களை மேஜைமேல் வைத்தாள். "அந்த ஊரு எங்க ரெண்டு பேரோட பிளான் சார். கல்யாணமான புதுசுலயே கைடு புத்தகம் வாங்கிப் போட்டது. தினம் பெட்டி கட்டுறது எனக்குப் பிடிக்காது. அதனால போலோனியாவுல ஒரே ரூம், அங்கேருந்து காலைல போய் சாயங்காலம் திரும்பறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். அந்தப் புத்தகத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கார்."

சேதுமாதவன் மெயில்களை நிதானமாகப் படித்தார். ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் மீரா சாகிபிடம் நீட்டினார்.

ரவென்னாவில் ஒரு சின்னக் கல்லறை மண்டபம். அதன் உட்கூரை முழுக்கக் கருநீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். பாதுவாவில் ஒரு தேவாலயம். அங்கும் நீல விதானம். வெரோனாவில் கவிழ்த்துவைத்த தோணியைப் போல மரக்கூரை. ஐந்தாம் தேதி ஃப்ளாரன்ஸ்; புகழ்பெற்ற ஓவியக்கூடத்தின் தாழ்வாரங்களில் அண்ணாந்து பார்த்த சித்திரங்கள்.

"ஐந்தாம் தேதி என்ன கிழமை?"

"திங்கள்" என்றார் மீரா சாகிப் சட்டென்று. காலண்டர்காரர் அல்லவா!

நீலா நிமிர்ந்தாள். "திங்கட்கிழமை அந்தக் கூடம் மூடியிருக்கும். எங்க பிளான்ல அதுக்காகவே செவ்வாய் போட்டிருந்தோம்."

"அப்ப அவர் அங்க போகல. புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கார்" என்றார் சேதுமாதவன். "போன்ல பேசும்போது பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

அவள் யோசித்தாள். "ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கூப்பிடுவார். ரெண்டு மூணு நாள் பாங்குச் சத்தம் லேசா கேட்டுச்சு. எங்க தெருப் பள்ளிவாசல்னு நினைச்சேன்."

"அதெப்படித் தங்கச்சி?" மீரா சாகிப் துள்ளி எழுந்தார். "இந்த மாசம் இங்க மஃரிப் பாங்கு அஞ்சரைக்கு. அதுக்கப்புறம் எங்க வருது?"

"ஆமா... நான் விளக்கேத்தி முடிச்சப்புறம்தான் போன் வரும். அஞ்சு அம்பது இருக்கும்."

"அப்ப அந்தப் பாங்கு போனுக்கு அந்தப் பக்கம்" என்றார் சேதுமாதவன். "அங்கே சூரியன் இருபது நிமிஷம் தாமதமா மறையுது. பாய், வளைகுடா பூரா கிளை இருக்கிற கம்பெனி ஒண்ணுக்குத் தொழுகை நேரம் போட்டுக் காலண்டர் அடிச்சீங்களே?"

மீரா சாகிப் கட்டைப் பிரித்து ஒன்றை உருவினார். விரலை வைத்துக் கணக்குப் போட்டார். "மணி வித்தியாசத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா தோஹா பதினஞ்சு நிமிஷம் பிந்தி. மனாமா பதினேழு. ரியாத் முப்பத்தஞ்சு. சலாலா... இருபத்தொண்ணு!"

"சலாலாவுல இவங்க கம்பெனிக்கு வேலை நடக்குதாம்மா?"

"நடக்குது. அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் அங்கதான் இருந்தார்." நீலா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லணும். ரவென்னா அன்னைக்குப் போன்ல, 'இன்னைக்கு ரவென்னாவுக்குக் கூட்டிட்டுப் போனேன்'னார். யாரைன்னு கேட்டேன். வாய் தவறிடுச்சுன்னு பேச்சை மாத்தினார். அப்பவே எனக்கு... வேற யாரோ இருக்காங்க, இல்ல சார்?"

மீரா சாகிப் தரையைப் பார்த்தார். அவர் மனத்திலும் அதேதான் ஓடியது.

"யாரோ இருக்காங்க" என்றார் சேதுமாதவன். "ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. இந்த மெயில்கள்ல சாப்பாடு இல்ல, கடைத்தெரு இல்ல, ஒரு மனுஷ முகம்கூட இல்ல. கூரை மட்டும்தான் இருக்கு. அத்தனையும் அண்ணாந்து பார்க்கிறது. நடமாடுற ஆளுக்குச் சொல்றதா இருந்தா இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல. மல்லாந்து படுத்த படுக்கையா, கழுத்தைக்கூடத் திருப்ப முடியாத ஒருத்தருக்குச் சொன்னது இது. காலைல ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போய், சாயங்காலம் அதே படுக்கைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கார். சலாலாவுல ஆஸ்பத்திரியில விசாரிங்க, பாய்."

மீரா சாகிபின் மச்சான் கௌஸ் முகம்மது சலாலாவில் கஃபட்டேரியா வைத்திருந்தார். அரைமணி நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. கேட்கக் கேட்க மீரா சாகிபின் முகம் மாறியது.

"முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆளாம். பேரு பாண்டித்துரை. சைட்ல சாரம் சரிஞ்சு கீழ விழுந்து கழுத்தெலும்பு ஒடிஞ்சு போச்சாம். ஒரு இன்ஜினியர் தினமும் பக்கத்துல உட்கார்ந்து புத்தகம் வாசிச்சாராம்." அவர் தயங்கினார். "செவ்வாய்க்கிழமை காலையில உசிரு பிரிஞ்சு மௌத்தாயிட்டாராம்."

மறுநாள் மூன்று பேரும் மஸ்கட் வழியாகச் சலாலாவுக்குப் பறந்தார்கள். அச்சகத்தில் அத்தனை வேலை கிடந்தும் நீலாவைத் தனியே அனுப்ப மீரா சாகிபுக்கு மனம் வரவில்லை. கம்பெனி கேம்ப்பின் கடைசி ரூமில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான் முகிலன். ஐந்தாறு நாள் தாடி. நீலாவைக் கண்டதும் எழுந்தான். அவள் உட்கார இடம் விட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"சொன்னா நீ என்ன கேட்பேன்னு தெரியும். 'ஏறிப் பார்த்தீங்களா'ன்னு கேட்பே." அவன் கைகளைப் பார்த்தபடியே பேசினான். "சாரம் சரியா கட்டியிருக்கான்னு ஏறிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். நான் ஏறல. கீழே நின்னே போட்டேன். இத்தாலி போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிச்சுடணும்னு அவசரம். மறுநாள் சாரம் சரிஞ்சு அவர் விழுந்துட்டார்."

மீரா சாகிப் கதவைச் சாத்தினார். முகிலன் தொடர்ந்தான்.

"கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல. நாள் பூரா சீலிங்கையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார். 'எனக்காவத்தான் சார் போகாம இருக்கீக, அது என்ன ஊரு சார்'னு ஒரு நாள் கேட்டார். அன்னைக்கு ஆரம்பிச்சேன். காலைல போலோனியாவுல ரயில் ஏத்துவேன். சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும்பார். புது இடத்துல படுத்தா அவருக்குத் தூக்கம் வராதாம்." சிரிக்கப் போவதைப் போல அவன் உதடு கோணியது. "அடுத்து வெனிஸ். அது முடிஞ்சதும் கையெழுத்து விஷயத்தைச் சொல்லிடலாம்னு இருந்தேன். செவ்வாய்க்கிழமை போனப்ப கட்டில் காலியா இருந்துச்சு."

சேதுமாதவன் அவனருகே உட்கார்ந்தார். "கம்பெனி அறிக்கையில என்ன எழுதியிருக்காங்க?"

"தொழிலாளியின் கவனக்குறைவுன்னு."

"அது அப்படியே நின்னுட்டா அந்தக் குடும்பத்துக்கு ஒண்ணும் கிடைக்காது. நடந்ததை நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா கேஸ் வரும். பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுப்பாங்க. உள்ளே போக வேண்டியும் வரலாம். என்னால அதை மறைச்சுச் சொல்ல முடியாது."

முகிலன் நீலாவைப் பார்த்தான். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"எழுதுங்க."

எழுதி முடிக்க ஒரு மணி நேரமானது. மூன்று பக்கம். சேதுமாதவன் படித்துப் பார்த்து, அடித்தல் திருத்தல் எதுவும் வேண்டாம் என்றார்.

"பாண்டித்துரை சம்சாரத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார் மீரா சாகிப்.

முகிலன் தலையாட்டி மறுத்தான். "கம்பெனியில சொல்றேன்னாங்க. நான்தான் சொல்லணும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். நாலு நாளா நம்பரை அழுத்துறேன், வெச்சுடுறேன்."

நீலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவன் அழுத்தினான். இந்தத் தடவை வைக்கவில்லை. அந்தச் சின்ன ரூமில் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சாரா? நாலு நாளா போனையே காணலயே சார். அவுக நல்லாருக்காகளா? கைவிரலு அசையுதான்னு டாக்டரு பாத்தாகளா?"

"கனகா" என்றான் முகிலன். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தச் சாரத்தை நான் ஏறிப் பார்த்திருக்கணும். பார்க்கல. தப்பு என்னோடதும்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? அவுககிட்ட குடுங்க, நான் பேசுறேன்."

அவனால் அதற்குமேல் முடியவில்லை. நீலா போனை வாங்கிக்கொண்டாள். "கனகா, நான் அவரோட வீட்டுக்காரி பேசறேன். உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? இருந்தா கூப்பிட்டு உட்கார வெச்சுக்கோங்கம்மா" என்றாள். பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த ஓலத்தைக் கேட்டு மீரா சாகிப் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நீலா போனை வைக்கவில்லை. ஆறுதல் எதுவும் சொல்லவுமில்லை. "இருக்கேன்மா, இருக்கேன்" என்று மட்டும் இடையிடையே சொன்னாள். பத்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று சத்தம் அறுந்தது.

"கார்டு தீர்ந்துபோச்சு" என்றாள் நீலா, போனைக் கையில் பிடித்தபடியே. "அவ அழுதுக்கிட்டிருக்கா."

மீரா சாகிப் வெளியே பாய்ந்தார். கேம்ப் வாசலைத் தாண்டி, வெயிலில், செருப்பு போடாத காலோடு எதிர்க்கடையை நோக்கி ஓடினார். "போன் கார்டு, பாய்! ஜல்தி!" என்று தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்.