மீதி முப்பத்தைந்து மணி இருபது நிமிடம்

நாற்பத்தொரு மணி இருபது நிமிடம்.

டேப்லெட் திரையில் அப்படித்தான் இருந்தது. துப்பாக்கி விளையாட்டு அதற்குள் வந்து பன்னிரண்டு நாள். இதுவரை அதை விளையாடிய நேரம் அவ்வளவு. அம்மா அதை இரண்டு முறை மனதுக்குள் வாசித்தாள். மூன்றாவது முறை சத்தமாக வாசித்தாள்.

தம்பி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அன்று பள்ளியில் அவன் நண்பனைப் பார்த்து விரலை நீட்டி, "டுமீல்! சுட்டுட்டேன், விழு!" என்றிருக்கிறான். நண்பன் விழவில்லை. அதனால் இவனே தள்ளி விழவைத்துவிட்டான். நண்பனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. எங்கள் வீட்டுக்கு டீச்சரின் சீட்டு.

"பதினெட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. உனக்கு ஏழு! யாருடா இதை ஏத்தினது?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. ஒருநாள் பார்த்தேன், இருந்துச்சு."

"தானா முளைச்சுதாக்கும்!"

"நான் அவ்வளவு நேரம் விளையாடலம்மா. டைமர் அடிச்சதும் வெச்சிடுவேன்."

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்... தப்புதான். ரொம்பத் தப்பு" என்றார் விசிறியிடம்.

"நாளைக்கு நீச்சல் போட்டி கிடையாது. உட்கார்ந்து அந்தப் பையனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுது."

அம்மா பஸ் ஓட்டுபவள். பிரேக் போட்டால் போட்டதுதான். தம்பியின் நீச்சல் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. இரண்டு மாதமாக வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சடக்கிப் பழகியவன் அவன்.

"அக்கா, நீயாவது நம்பு" என்றான். மூக்கு ஒழுகியது.

நான் நோட்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் டேப்லெட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா வேலை செய்யும் பேக்கரியில் முன்பு கேக் வேகும் நேரம் பார்த்த பழைய டைமரை முப்பது நிமிடத்துக்குத் திருகி வைக்க வேண்டும். அது கத்தும் கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூட டேப்லெட்டைக் கீழே வைத்துவிடுவார்.

தினமும் அரை மணி. பன்னிரண்டு நாள். ஆறு மணி நேரம்.

மீதி?

டேப்லெட்டின் உறையைக் கழற்றிப் பார்த்தேன். மூலையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. விரலால் தொட்டேன். முகர்ந்தேன். பிறகு உறையை மறுபடி மாட்டினேன்.

அப்பா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே கழுவினார்.

"அப்பா, ஒரு கணக்கு. உதவி பண்றீங்களா?"

"கேளு கேளு!"

"ஒரு விளையாட்டை மொத்தம் நாற்பத்தொரு மணி இருபது நிமிஷம் விளையாடியிருக்காங்க. அதுல ஒரு பையன் ஆறு மணி நேரம். மீதி முப்பத்தஞ்சு மணி இருபது நிமிஷம் யாரு?"

தட்டு கை நழுவித் தொட்டியில் விழுந்தது.

"கணக்கு... கொஞ்சம் கஷ்டமா இருக்கே."

"ஒரு குறிப்பு இருக்குப்பா. அவர் பகல்ல, நாங்க பள்ளிக்கூடத்துல இருக்கும்போது வீட்டுக்கு வந்துடுவார்." கையிலிருந்த டேப்லெட்டின் உறையைக் கழற்றி அந்த மூலையைக் காட்டினேன். மைதா மாவு.

அப்பா தன் சட்டைக் கையைப் பார்த்தார். அங்கேயும் மாவு.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"விடையை இன்னும் எழுதலப்பா. போட்டி நாளைக்கு ஒன்பது மணிக்கு."

நோட்டை மேடையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

தம்பி கடிதத்தின் கடைசி வரியில் இருந்தான். "இனிமேல் உன்னைச் சுட மாட்டேன். தள்ளவும் மாட்டேன்." கீழே முழங்கால் ஒன்றை வரைந்து அதற்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

அப்பா ஈரக் கையோடு வந்தார். தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பேனாவை வாங்கி, முழங்காலுக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அவன் கடிதத்துல நீங்க எதுக்குக் கையெழுத்துப் போடறீங்க?"

அப்பா எழுந்துபோய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். இந்த முறை விசிறியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"அந்த விளையாட்டை ஏத்தினது நான்தான்" என்றார். "மீதி நேரமெல்லாம் விளையாடினதும், இவன் கண்ணுல படற மாதிரி அதைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினதும் நான்தான்."