ஆவன செய்யவும்

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். தெருவில் பாதிப் பேர் அவளைச் சுற்றி நின்றார்கள்.

“தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஆவணம் செய்யப்பட்டது.”

கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

“ஆவணம் செய்யறதுன்னா என்னங்க?” என்று எதிர்வீட்டு மாமா கேட்டார்.

“நம்ம மனுவைக் கோப்புல கட்டி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்களாம்,” என்றாள் அத்தை.

நடந்தது இதுதான். மனுவின் கடைசி வரியில் ‘ஆவன செய்யுமாறு’ என்று அத்தை எழுதியிருந்தாள். ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்று பொருள். தட்டச்சுக் கடைக்காரர் அதைப் பிழை என்று நினைத்து, நல்ல மனதோடு ‘ஆவணம்’ என்று திருத்திவிட்டார். இரண்டு சுழி மூன்று சுழியானதும் மனு அலமாரிக்குள் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை, எல்லோரும் தம்பி என்று கூப்பிடும் வீட்டுச் சின்னப் பையன் மேல் இருந்தது.

தம்பிக்கு ஐந்து வயது. பகலெல்லாம் குரங்குக்குட்டி மாதிரி ஆடுவான். பொழுது சாய்ந்தால் சில நாள் இளைப்பு வந்துவிடும். மூச்சு, விசில் மாதிரி கத்தும். மருந்தைப் புகையாக்கித் தரும் இயந்திரம் தெருமுனைச் சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. காலையில் என்றால் அத்தை அவனை அங்கே கூட்டிப் போவாள். ஆனால் அது மதியமே பூட்டப்பட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். போன முறை இரண்டாவது பேருந்து வருவதற்குள் அவன் உதடு நீலமாகிவிட்டது.

தம்பியின் அக்காவுக்குப் பத்து வயது. ஓயாமல் கேள்வி கேட்பதால் தெருவில் அவள் பெயரே கேள்வி. அவளுக்கு அத்தைமேல் மலையளவு மதிப்பு. அம்மா துணி ஆலையில் தைத்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள். அதுவரை இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, தெருச் சங்கத்தையும் நடத்துகிறவள் அத்தைதான். தெருவிளக்கு வந்ததும் அவளால்தான்.

எல்லோரும் கலைந்து போகும்வரை கேள்வி காத்திருந்தாள். நாலு பேர் முன்னால் அத்தையை எதுவும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

“அத்தை, ‘ஆவன’ன்னு சரியாவே போயிருந்தா, அவங்க என்ன செஞ்சிருப்பாங்க?”

“ஆக வேண்டியதைச் செஞ்சிருப்பாங்க.”

“ஆக வேண்டியது எது அத்தை?”

அத்தை மனுவின் நகலை எடுத்துப் பார்த்தாள். புது ஆஸ்பத்திரி, புது டாக்டர், சாக்கடை, கொசு, நாய்த் தொல்லை என்று பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. சுகாதார நிலையம் எங்கோ நடுவில் நசுங்கிக் கிடந்தது.

“எல்லாமே வேணும்தானே? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.”

“ஆனா அந்தப் பிள்ளை பாலுக்கு மட்டும்தானே அழுதுது, அத்தை? நாய்க்கும் சாக்கடைக்கும் சேர்த்து அழலையே.”

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கடிதம் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் கேள்வி சுகாதார நிலையத்துக்குப் போய், மதியத்தோடு ஏன் பூட்டுகிறீர்கள் என்று நர்ஸ் அக்காவிடம் நேராகவே கேட்டாள். அதுதான் உத்தரவு என்றாள் அவள். காலையில் இரண்டு நர்ஸ்கள் இருக்கிறார்களாம். ஒருவர் சாயங்காலம் வந்தாலே போதுமாம். நேரத்தை மாற்ற சுகாதார அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

“அப்ப நீங்களே கேட்கலாமே, அக்கா?”

“நான் கேட்டா என் வசதிக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். நீங்க கேளுங்க. அவர் என்னைக் கேட்டா, முடியும்னு சொல்றேன்.”

அடுத்து அவள் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். இளைப்பு உள்ள பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு வருவதில்லை, வந்தாலும் மேசையில் தூங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதை அதிகாரியிடம் வந்து சொல்ல முடியுமா என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

குறைகேட்பு நாள் வந்தது. அத்தை எழுந்ததுமே அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவருக்கு அத்தையைப் பல வருடமாகத் தெரியும்.

“ஐயா, எங்க சுகாதார நிலையத்துல காலையில ரெண்டு நர்ஸ் இருக்காங்க. ஒருத்தர் சாயங்காலம் வரணும். புது ஆள் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். உங்க கையெழுத்து போதும்.”

சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்தாள். கேள்விக்குத் தெரியும், அப்படி உட்கார அத்தைக்கு எவ்வளவு கஷ்டம் என்று. சாக்கடையும் கொசுவும் அவள் நாக்கு நுனியில் நின்றிருக்கும்.

அதிகாரி காத்திருந்தார். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாயங்காலத்தில் யார் வருவார்கள் என்று கேட்டார். தலைமையாசிரியை எழுந்து சொன்னார். நர்ஸால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள், ஓரமாக நின்றிருந்த நர்ஸ் அக்கா. மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம், ஆள் வந்தால் தொடரலாம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

“மத்த கோரிக்கையெல்லாம் என்னம்மா ஆச்சு?”

“அதெல்லாம் உங்க அலமாரியில பத்திரமா இருக்குங்க. ஒவ்வொண்ணா வர்றோம்.”

அதிகாரியின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

புது நேரம் தொடங்கிய வாரத்திலேயே தம்பிக்கு இளைப்பு வந்தது. ஆலையிலிருந்து வந்த அம்மா, தோளில் ஒட்டியிருந்த நூலைக்கூடத் தட்டாமல் அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். கேள்வி பின்னாலேயே ஓடினாள். விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

நர்ஸ் அக்கா தம்பிக்கு முகமூடியை மாட்டி இயந்திரத்தை ஓட்டினாள். விசில் சத்தம் மெல்ல அடங்கியது. அதன் பிறகுதான் அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க யாரு? பையனோட அம்மாதானே எப்பவும் காலையில கூட்டிட்டு வருவாங்க?”

தம்பி முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

“அது அத்தை. இதுதான் எங்க அம்மா,” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டான்.